ஆறு நிமிட நடையும் ஒரு சஜ்தாவும்

சகோதரர்களே, என் இதயம் பலவீனமாகிவிட்டது என்று போன ரமலானுக்கு முந்தின மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே தோல் வெட்டியவன் நான். அந்த நாட்களில் பல் துலக்கினாலே மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினேன்.

அதையெல்லாம் தாங்கினேன். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க, சஜ்தாவுக்குக் குனிந்தால் கழுத்தை நெரிப்பதுபோல மூச்சு முட்டியதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். வரிசையில் எல்லாருடைய நெற்றியும் தரையில் இருக்கும். நான் மட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டிருப்பேன். அல்லாஹ் என்னை வெளியே நிறுத்திவிட்டான் என்று தோன்றியது. பள்ளிவாசலுக்குப் போவதையே விட்டேன். பிறகு வீட்டில் தொழுவதும் நின்றுபோனது. "யா அல்லாஹ், குணமாக்கு. இல்லையென்றால் எடுத்துக்கொள்." அப்படிக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள்.

"ஆறு நிமிஷம் நடங்க பாய். முடியலன்னா நில்லுங்க, தப்பில்ல" என்றாள் பிசியோதெரபி பெண்.

மூன்றாவது நிமிடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிட வயதானவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். செத்துவிடலாம் போலிருந்தது.

பிறகு அந்தப் பெண் கேள்விகள் கேட்டாள். படி ஏற முடிகிறதா? குளிக்க முடிகிறதா? குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டதாக நினைக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் "பரவாயில்ல" என்றேன்.

கூட வந்திருந்த என் மனைவி ஷமீம் குறுக்கே பேசினாள். "பொய் சொல்றாரும்மா. குனிஞ்சா மூச்சு முட்டுதுன்னு தொழுவுறதையே வுட்டுட்டாரு. ஜன்னலாண்ட உக்காந்து அழுவுறாரு."

அங்கேயே உடைந்து அழுதேன்.

"இத ஏன் பாய் மொதல்லயே சொல்லல?" என்று கேட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினாள் அந்தப் பெண். உடம்பில் நீர் தேங்கியிருந்ததாம். டாக்டர் மருந்தை மாற்றினார். தினமும் எவ்வளவு நடக்கவேண்டும் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தாள். அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆவுக்கான பதில் ஷமீமின் வாயிலிருந்து வந்தது.

நான்கு மாதம் கழித்து, அதே வராந்தாவில் ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்தேன். அந்த வாரம் ஒரு நாள் மாலை, அஸர் தொழுகை நேரத்தில், வீட்டில் மெதுவாகக் குனிந்தேன். நெற்றி விரிப்பைத் தொட்டது. மூச்சு முட்டவில்லை.

"போதுங்க, எந்திரிங்க" என்றாள் ஷமீம் பயந்துபோய். எனக்கு எழ மனமில்லை.

இதயம் முழுதாகக் குணமாகவில்லை. ஆயுள் முழுக்க மாத்திரைதான். வேலைக்கும் திரும்ப முடியவில்லை. ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. உங்களில் யாராவது மூச்சுத் திணறலை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்கியிருந்தால், இன்றைக்கே அல்லாஹ்விடம் கையேந்துங்கள். டாக்டரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.