மாத்திரை சாப்பிட்டவர்கள்

பொன்முடி மலையில் தேயிலை பறிக்கிறவள் நான். எனக்குச் சர்க்கரை வியாதி வந்த வருடம், திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றில் புதிய மாத்திரையை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார்கள். கையெழுத்துப் போட்ட தாள் மலையாளத்தில் இருந்தது. மலையாளம் நன்றாகவே பேசுவேன். ஆனால் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில். மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். முதல் பக்கம் முடிவதற்குள் நர்ஸ் பேனாவை நீட்டிவிட்டார்.

நடுவில் இரண்டு தடவை சரிவில் தலைசுற்றி விழுந்தேன். ஆராய்ச்சி முடிந்தது. நான் சாப்பிட்டது எது என்று யாரும் சொல்லவில்லை.

மாத்திரை வாங்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த சிநேகிதி நாகர்கோவில்காரி. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் சமைக்கிறாள். ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

"அக்கா, விசயம் கேட்டியளா? ஆளுக மேல மருந்து சோதிக்கிற சட்டத்த சர்க்கார் மாத்தப் போவுதாம். பொதுஜனம் வந்து அபிப்ராயம் சொல்லலாம்னு ஆஸ்பத்திரி போர்டுல நோட்டீசு. பூரா இங்கிலீசு. ஓட்டலுக்கு வார வக்கீல் சார்தான் வாசிச்சுச் சொன்னாரு."

"நாமளும் பேசலாமா?"

"பேசலாம். வெள்ளிக்கெழமைக்குள்ள கம்ப்யூட்டர்ல பேரு பதியணும்."

மறுநாள் லீவு போட்டு அடிவாரத்து வித்துராவுக்கு இறங்கினேன். கம்ப்யூட்டர் கடையில் இருந்த பெண் பாதி நிரப்பியதும் நிறுத்தினாள்.

"சேச்சி, சங்கடனயுடெ பேரு எந்தா?"

"சங்கமெல்லாம் இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

"பேரு இல்லாதெ ஃபாரம் முன்னோட்டு போவில்ல, சேச்சி."

யோசித்தேன். "மாத்திரை சாப்பிட்டவர்கள்னு போடும்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். திரையில் பச்சையாக ஒரு குறி விழுந்தது. கை தட்டலாம் போலிருந்தது.

கூட்டம் திருவனந்தபுரத்தில், காலை பத்து மணிக்கு. முதல் பஸ்ஸைப் பிடித்தும் நான் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. கேட்டில் சிநேகிதி தவித்துக்கொண்டு நின்றாள். டாக்டரா, கம்பெனி ஆட்களா என்று காவலர் கேட்டார். சங்கத்தின் பெயரைச் சொன்னோம். பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், "உண்டு, உண்டு!" என்றார். எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

உள்ளே எல்லாம் ஆங்கிலம். டாக்டர்கள், கம்பெனிக்காரர்கள், வக்கீல்கள் படம் போட்டுப் போட்டுப் பேசினார்கள். பொதுஜனத்துக்கு மத்தியானத்துக்கு மேல், நேரம் இருந்தால். அதுவரை இருந்தால் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். அவளுக்கோ அரை நாள்தான் லீவு.

"நீ போ. நான் இருக்கேன்" என்றேன்.

"நான் இல்லாட்டி சாம்பார் கொதிக்காதா? இருங்கக்கா!" என்று போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

நாலு மணிக்கு, கூட்டத்தை நடத்திய தலைவர் அம்மா கோப்பை மூடினார். நேரம் முடிந்தது, மற்றவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"மேடம், பஸ்ஸு போயி. இனி எனிக்கு போகான் திருதி இல்ல. ஒரு சோத்யம் மாத்ரம்!"

பஸ் போய்விட்டது, இனி அவசரமில்லை, ஒரே ஒரு கேள்வி என்றேன் மலையாளத்தில். அரங்கில் சிரிப்பு. தலைவர் அம்மாவும் சிரித்து, மைக்கைக் கொடுக்கச் சொன்னார். ஆனால் மைக்கில் என் குரலை நானே கேட்டதும் மலையாளம் எல்லாம் பறந்துவிட்டது.

"தமிழ்ல சொல்லுங்கக்கா!" என்றாள் சிநேகிதி.

தமிழில் சொன்னேன். குறிப்பெடுப்பவர் தனக்குத் தமிழ் தெரியாதென்று கையை எடுத்துவிட்டார். சிநேகிதி எழுந்து நின்று, இட்லி தோசைக் கடையில் பழகிய மலையாளத்திலேயே ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தாளை வாசிக்க முடியாததைச் சொன்னேன். விழுந்ததைச் சொன்னேன்.

"ஆராய்ச்சி முடிஞ்சு போச்சு. என் ஒடம்புக்குள்ள போனது மருந்தா, வெறும் மாத்திரையா? கேட்டா யாரு சொல்லுவாங்க?"

தலைவர் அம்மா அந்த மாத்திரையைச் செய்த கம்பெனிக்காரரைப் பார்த்தார். கேட்டு எழுதினால் சொல்லிவிடுவோம் என்றார் அவர்.

"எழுதிக் கேட்கலாம் என்று இவர்களிடம் யாராவது சொன்னீர்களா?"

அவர் தன் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். கேட்காமலே சொல்லவேண்டும், தாள் அவரவர் படிக்கும் மொழியில் இருக்கவேண்டும் என்று தலைவர் அம்மா குறிப்பில் ஏற்றச் சொன்னார். சிநேகிதி என் விரல்களை நெரித்தாள். வலித்தது, நானும் விடவில்லை.

அவள் அறையில் தங்கி மறுநாள் மலையேறினேன். இருவரும் எழுதிக் கேட்டோம். சில வாரங்களில் பதில் வந்தது. எனக்கு நிஜ மருந்து. அப்படியானால் விழுந்தது அதனால்தானோ? இப்போது பார்க்கும் டாக்டர் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் என் சீட்டில் குறித்துக்கொண்டார். சிநேகிதிக்கு வெறும் மாத்திரை.

"அப்ப எனக்கு சுகர் கொறஞ்சது எப்பிடிக்கா?" என்று போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சட்டம் இன்னும் மாறவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தின் நோட்டீஸ் தமிழிலும் வந்து வித்துரா பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கிறது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து மட்டும் ஐந்து பேர் பெயர் பதிந்திருக்கிறோம். யார் முதலில் பேசுவது என்பதில்தான் சண்டை.