படகேறிய தேங்காய்த் துருவி

போன வருடம் எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம். அந்தமானில், போர்ட் பிளேர் பத்துபஸ்திப் பகுதியில் இருக்கும் நாங்கள் ஹேவ்லாக் தீவுக்குப் போய், அவள் புகுந்த வீட்டில் வளைகாப்பு நடத்தி, பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்க வந்தாத்தான் நான் கிளம்புவேன்."

தீவிலேயே பிறந்து, வயரிங் கான்ட்ராக்ட் எடுத்துப் பிழைக்கிற எனக்குப் படகு என்றால் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதற்கு முந்தைய வருடம் நானும் மனைவியும் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனது. முக்கால் மணி நேரம் படகு அலையில் உருண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஜெட்டியை, அதுதான் படகுத்துறையை, கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். மகள்தான் எங்களை வந்து பார்த்துவிட்டுப் போவாள். "நீங்க இல்லாம நான் மட்டும் எதுக்குங்க" என்று மனைவியும் போகவில்லை. என் மேல் அவ்வளவு பிரியம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

உள்ளூர் டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்றம்தான் என்றார். ஹிப்னோதெரபி செய்கிற சென்னை டாக்டரம்மா ஒருவரிடம் வீடியோ காலில் பேசச் சொன்னார். சங்கிலியை ஆட்டி மயக்கி, மனசில் உள்ளதையெல்லாம் கக்க வைத்துவிடுவார்களோ என்று எனக்கு உதறல். மனைவிக்கோ ஒரே உற்சாகம். "அப்ப நானும் பக்கத்துலயே உட்காந்துக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சங்கிலியும் இல்லை, மயக்கமும் இல்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "இப்போ நீங்க ஒரு அமைதியான கடற்கரையில இருக்கீங்க. அலை வந்து காலைத் தொடுது" என்றார் பாருங்கள், வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். மனைவி போனைப் பிடுங்கி, "மேடம், இவருக்கு அந்தக் கடல்தான் பிரச்சனையே!" என்றாள். பாவம், டாக்டரம்மா பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். மெயின்லேண்டில் கடற்கரை என்றால் எல்லோருக்கும் நிம்மதியாம். பிறகு, எந்த இடத்தில் நான் என்னை மறந்து கண் அயர்வேன் என்று கேட்டார்.

நான் யோசிக்கும் முன்பே மனைவி சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை சமையக்கட்டுல நான் தேங்காய் துருவுறப்ப, சுவத்துல சாஞ்சே தூங்கிருவாரு."

அதன்பிறகு எங்கள் சமையலறைதான் என் கடற்கரை. டாக்டரம்மா குரல் பதிவு ஒன்று அனுப்பினார். கண்ணை மூடி, அந்தச் 'சரக் சரக்' சத்தத்தை மனசுக்குள் கேட்டபடி பத்திலிருந்து ஒன்றுவரை எண்ண வேண்டும். மூன்று வாரம் தினமும் பழகினேன். ஜெட்டி வரைக்கும் போய் நின்றுவிட்டு வரும் அளவுக்குத் தேறினேன்.

புறப்படும் நாள் வந்தது. ஜெட்டியில் பையைச் சோதித்த காவலர், வளையல், இனிப்புக்கு நடுவிலிருந்து ஒரு கைத்துருவியையும் தேங்காய் மூடியையும் எடுத்துத் தூக்கிப் பிடித்து, "யே க்யா ஹை?" என்றார். மனைவி கொஞ்சமும் அசரவில்லை. என்னைக் கைகாட்டி, "இன்கா தவாயி ஹை, பையா" என்றாள். இவரோட மருந்தாம்! அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். எனக்கு மானம் கப்பலேறிவிட்டது.

படகு கரையை விட்டு விலகி ஆட ஆரம்பித்ததும் பழைய படபடப்பு வந்துவிட்டது. குரல் பதிவும் காதில் ஏறவில்லை, எண்ணிக்கையும் தப்பியது. அப்போது பக்கத்தில் 'சரக் சரக்'. டிபன் மூடியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள் என் மனைவி. டூரிஸ்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. நான் கண்ணை மூடி, பத்து, ஒன்பது, எட்டு என்று மறுபடி எண்ணினேன். மூச்சு மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவள் துருவுவதும் நிறுத்துவதுமாகவே வந்தாள்.

ஹேவ்லாக்கில் இறங்கியபோதுதான் பார்த்தேன். அவள் விரல் முட்டிகள் இரண்டு இடத்தில் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. முப்பது வருடமாகத் துருவுகிற கை. எப்படி என்று கேட்டேன்.

"கை நடுங்கிச்சுங்க. அன்னைக்கு எஞ்சின் நின்ன போட்டுல நானுந்தான இருந்தேன்?"

எனக்கு ஈசிஜி, எனக்கு டாக்டரம்மா, எனக்குக் குரல் பதிவு. உனக்கு எப்படி இருக்கிறது என்று அவளை நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. என்னைவிட்டுப் போக மனமில்லாமல் வீட்டில் இருந்தாள் என்று நினைத்த என் முட்டாள்தனத்தை நினைத்து, ஜெட்டி என்றும் பாராமல் அழுதுவிட்டேன். "சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க, கண்ணைத் தொடைங்க" என்று முந்தானையைக் கொடுத்தாள்.

வளைகாப்பு முடிந்து திரும்பும்போது, கை நிறைய வளையல்களோடு மகள் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். படகு ஆட ஆரம்பித்ததும் மனைவியின் பையிலிருந்து துருவியையும் தேங்காய் மூடியையும் நான் எடுத்தேன். எனக்குத் துருவவே வராது, ஓடும் சேர்ந்து வந்தது. ஆனாலும் பாதி வழியில் என் தோளில் சாய்ந்து மனைவி தூங்கிவிட்டாள். இப்போது பேரனைத் தூக்கிக்கொண்டு ஹேவ்லாக்குக்கு அடிக்கடி போய் வருகிறோம். ஒவ்வொரு முறையும் படகு கிளம்பும்போது, "உனக்கு எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்ட பிறகுதான் என் கண்ணை மூடுகிறேன்.