கொடியோடு விற்ற மிளகு

போன ஞாயிற்றுக்கிழமை அலுவிகாரைக்குப் போயிருந்தேன். நண்பன் ரவூபின் வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து அன்றைக்குப் பதினொரு நாள். லொறி ஓட்டிப் பிழைத்த மனுஷர். அந்த லொறி இன்னமும் வாசலில்தான் நிற்கிறது — கண்ணாடியெல்லாம் தூசி.

முன் அறையில் ரவூபும் அவனுடைய மாமாமார் இரண்டு பேரும். நடுவில் ஒரு தாள். யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சாப்பாடு போட என்ன போகும், லொறியை இப்போதே தள்ளிவிட்டால் என்ன தேறும்... பேச்சு மும்முரம். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சும்மா இருக்கிற வித்தையை மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

“உம்மாட்ட கேட்டியா?” என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மாமா, பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: “அவ இத்தாவுல இருக்கா தம்பி. அவட்ட போய் காசுப் பேச்சா?”

தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள். வெள்ளை உடுப்பு. அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அதுதான் இத்தா.

பெரிய மாமா சொன்ன அதே வசனத்தை நானும் ஒருதரம் சொல்லியிருக்கிறேன். அதே குரலில்! நாலு வருஷத்துக்கு முந்தி, பலாபத்வலையில், என் ராத்தா வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டு.

ராத்தா என் கூடப்பிறந்த அக்கா. அவருடைய கணவர் ஜமால் மச்சானுக்கு மெயின் ரோட்டோரம் ஒரு சின்னக் கடை. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தோட்டம், முள்முருக்கு மரம் தவறாமல் மிளகுக் கொடி. கல்யாணமான புதிதில் இரண்டு பேருமாகச் சேர்ந்து நட்ட கொடிகள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த மச்சான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப் பலகையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். எழும்பவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. காமர்ஸ் பாடத்தில் நல்ல மார்க். எங்கள் குடும்பத்தில் மார்க் வாங்கியவன் நான் ஒருத்தன்தான். ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசிப் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள். வைத்தார்கள் என்ன... நான்தான் தலையை நீட்டினேன்.

உண்மையைச் சொன்னால் பயம். கடைச் சாமானில் பாதி கடனுக்கு எடுத்தது. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் பரீதாவுக்குக் கண்டியில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் ஹொஸ்டலுக்குப் போக வேண்டியவள். இதெல்லாம் என்ன ஆகும்? பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி சுறுசுறுப்பு. நாற்பது நாளுக்குள் எல்லாவற்றையும் நேர்செய்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் வேலையாக ஒரு சட்டம் போட்டேன். ராத்தாவின் காதில் ஒரு சதத்துப் பேச்சும் விழக்கூடாது.

நாளுக்கு இரண்டு தரம் உள் அறைக்குப் போவேன். சாப்பிட்டாரா, தலையிடி தேவலையா என்று கேட்பேன். திரும்பி வருவேன். ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார்.

“தம்பி, தோட்டத்து விஷயம் ஒண்ணு...”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் ராத்தா. நீங்க ஓதிக்கிட்டு இருங்க.”

எவ்வளவு பெரிய மனுஷத்தனம், பார்த்தீர்களா?

அடுத்த வாரம் சோமாக்கா வந்தார். பக்கத்து லேனில் இருக்கும் சிங்களப் பெண்மணி. அந்தப் பக்கத்துப் பெண்களைச் சேர்த்து மாதச் சீட்டுப் பிடிப்பவர். ராத்தாவும் அதில் ஒரு பங்கு என்று எனக்குத் தெரியும். அவர் கக்கத்தில் சீட்டுக் கொப்பியைக் கண்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. மையத்து எடுத்து மாதம் ஒன்றாகவில்லை, அதற்குள் தவணை கேட்டு வந்துவிட்டாரா? வாசலிலேயே மறித்தேன். அவர் வாய் திறக்குமுன்னே, சிங்களத்தில், ரொம்ப மரியாதையாக, நாலு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். “ஹா மல்லி” — சரி தம்பி — என்றார். திரும்பிப் போய்விட்டார்.

ஒரு கடன்காரியைச் சமாளித்துவிட்ட திருப்தியோடு மாத்தளை டவுனுக்குப் போனேன். மிளகு வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்து தோட்டத்தைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான் — கொடியில் பிஞ்சாக நிற்கும்போதே விலை பேசி முன்பணம் வாங்கிக்கொள்வது. மச்சான் ஒருநாளும் செய்யாத வழக்கம். நான் ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷத்துக் காய்ப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். வியாபாரி ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். நான் கேட்டதைக் கொடுத்தார். நான் கேட்டதுதான் கொஞ்சம்.

கடைக் கடன் தீர்ந்தது. மீதியில் நாற்பதாம் கத்தம். ஊர் பேசும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்; ஊர் வாயை அடைக்க ரெண்டு ஆடு வாங்கிப் பின்பக்கம் கட்டினேன், ராத்தாவின் அறை ஜன்னலுக்கு நேரே. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. கை கழுவிவிட்டுப் போன ஒவ்வொருவரும் என் தோளில் தட்டினார்கள். கெட்டிக்காரன் என்றார்கள். நானும் நம்பினேன்!

இத்தா முடிந்தது. ராத்தா குளித்துவிட்டு வெளியே வந்தார். நேரே தோட்டத்துக்குத்தான் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“யார்ட ஆக்கள் தம்பி, நம்ம மரத்துல ஏணி வெச்சிருக்காங்க?”

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பின்னேரம் சோமாக்கா வந்தார். இந்தத் தரம் நான் மறிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து ராத்தாவின் கையில் வைத்தார். சீட்டுக் காசு. முழுத் தொகை. மச்சான் மௌத்தாகி மாதம் திரும்புமுன்பே ராத்தாவின் முறை விழுந்திருக்கிறது. அன்றைக்கு அவர் வந்தது வாங்குவதற்கு இல்லை, கொடுப்பதற்கு. மல்லி உள்ளே விடவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தா முடியும் வரைக்கும் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறார்.

வியாபாரியிடம் நான் வாங்கிய முன்பணத்துக்கு ஏறக்குறைய அதே அளவு.

ராத்தாவும் மச்சானும் எல்லாவற்றையும் எப்போதோ பேசி வைத்திருக்கிறார்கள். சீட்டு, கடைக் கடனுக்கு. வருகிற மிளகு, பரீதாவின் ஹொஸ்டலுக்கு. நான் பாதியில் நிறுத்திய அந்தத் ‘தோட்டத்து விஷயம்’ அதுதான். ஆடு? நாற்பதுக்குக் கஞ்சியும் பழமும் போதும் என்பது மச்சானே அடிக்கடி சொல்கிற பேச்சாம்.

ராத்தா ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முடிச்சை அவிழ்க்காமலே கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“நான்தானே தம்பி இத்தா இருந்தேன்... என்ட மூளையுமா இருந்திச்சு?”

இரண்டு வருஷம். நடத்த ஆளில்லாமல் கடை பூட்டிக்கிடக்க, மிளகும் இல்லாத அந்த இரண்டு வருஷமும் சீட்டுக் காசில்தான் அடுப்பு எரிந்தது. ஹொஸ்டலுக்கு மிஞ்சவில்லை. பரீதாவின் இடம் ஜனவரியோடு வேறு யாருக்கோ போயிற்று. அவள் இப்போது வீட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். என் மேல் கோபமில்லை என்கிறாள். அதுவும் பொறுக்க முடியாமல்தான் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு மிளகாய் வருவதும் நின்றது. காரத்துக்கு ஊரெல்லாம் மிளகைத் தேட, விலை ஏறிக்கொண்டே போனது. டவுன் வியாபாரிக்கு மிளகு காயவைக்க முற்றம் தேவைப்பட்டது. ராத்தா தன் முற்றத்தையே கொடுத்தார். பாயை விரித்து, தன் கொடியில் காய்த்த மிளகைத் தானே கிளறிக் காயவைத்து, நாட்கூலி வாங்கினார். நான் எப்படித் தடுக்க? “முத்தம் நம்மடது. கூலியாவது வரட்டும்” என்றார். அந்த இரண்டு வருஷமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் நான் மறுபக்கத்து ஜன்னலைத்தான் பார்ப்பேன்.

எதற்காக ஒருத்தரிடமும் கேட்காமல் செய்தேன்? அன்பு என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கு அவ்வளவு நிச்சயமில்லை. மார்க்கம் விதவையை வீட்டில் இருக்கச் சொன்னது. பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. அதை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம். எங்கள் வீடுகளில் மட்டுமா? எல்கடுவ தேயிலைத் தோட்ட லயங்களிலும் பார்த்திருக்கிறேன், டவுனில் கறுப்புச் சேலை உடுத்த கத்தோலிக்க வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அடுப்புச் செலவிலிருந்து பிள்ளையின் சப்பாத்து வரைக்கும் அதுவரை கணக்குப் பார்த்தவள் அவள். புருஷன் கண்ணை மூடிய அன்றே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவாகிவிடுகிறது. முன் அறையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுகிறோம், என்னைப் போல மார்க் வாங்கியவர்கள்.

அலுவிகாரையில் இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது பெரிய மாமாவுக்கு முகம் சரியில்லை. ரவூப் மட்டும் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அரைமணி நேரமாயிற்று. திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: இன்னொரு தாள் இருக்குமா, உம்மா சொல்வதற்கு இது பற்றாது.

லொறியை விற்கவில்லை.

எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. இதை எழுதி முடித்ததும் பத்திரிகைக்குத் தபாலில் போடவில்லை. பலாபத்வலைக்கு பஸ் ஏறினேன். அச்சில் வரலாமா என்று கேட்டு, ராத்தாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். போட்டுக்கொள்ளச் சொன்னார். ஒரேயொரு இடத்தில்தான் பிழை பிடித்தார்.

“ஆடு ரெண்டில்ல தம்பி. மூணு.”