நேராக வந்தவர்கள்

அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். மெத்தையும் தலையணையும் விற்கிற கம்பெனி அது. கம்பெனியின் இணையதளத்துக்கு யார் வருகிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள், எந்த இடத்தில் மனம் மாறி ஓடிப்போகிறார்கள் என்று திரையைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. தேடிப் பார்த்து வந்தவர்கள் ஒரு கூட்டம், விளம்பரத்தை அழுத்தி வந்தவர்கள் ஒரு கூட்டம், எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்ல முடியாமல் நேராக வந்து நிற்பவர்கள் ஒரு கூட்டம். இப்படிப் பிரித்து வைத்து, ஒவ்வொரு கூட்டத்தின் குணத்தையும் புட்டுப்புட்டு வைப்பாள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் குடியைக் கெடுத்தது.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவளுடைய அக்கா. தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில், அதே கம்பெனியின் போன் செக்‌ஷனில் அக்காவுக்கு வேலை. அவளையும் சேர்த்துப் பதினாறு பெண்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க, முதுகுவலிக்கு எந்த மெத்தை, மூன்று வயசுக் குழந்தைக்கு எந்தத் தலையணை என்று தொண்டை வறளப் பேசுவார்கள். அம்மா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தது அந்தத் தொண்டைதான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் எங்க இருந்துச்சு?" என்று சிரித்துவிடுவாள்.

ஒரு வருஷமாக போன் ஆர்டர் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. இணையதள விற்பனை ஏறிக்கொண்டே போனது. "ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றார் மேனேஜர். ஜோசியக்காரி உட்கார்ந்து பிரித்தாள். நேராக வருகிற கூட்டத்துக்குள் ஓர் அதிசயக் கூட்டம் அகப்பட்டது. எல்லோரும் புதியவர்கள். சுற்றிப் பார்ப்பதில்லை, விலையை ஒப்பிடுவதில்லை. வந்தார்கள், மெத்தையைக் கூடையில் போட்டார்கள், மூன்று நிமிஷத்தில் வாங்கிவிட்டுப் போய்விட்டார்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது, ஒன்றிலிருந்து இரண்டு வரை படுத்துவிடுகிறது, ஆறு மணிக்கு நின்றுபோகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆளே இல்லை.

"அலுவலகத்தில் இருந்தபடியே வாங்குபவர்கள். மதியம் சாப்பிடப் போகிறார்கள்" என்று ரிப்போர்ட்டில் எழுதினாள். இவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, தாங்களே முடிவு செய்துவிடுகிறார்கள் என்றும் ஒரு வரி சேர்த்தாள். மேனேஜருக்கு அந்த வரி வெல்லமாக இனித்தது. தாங்களே வாங்குகிறார்கள் என்றால் பதினாறு பேரை எதற்குப் பேச வைத்துச் சோறு போடவேண்டும்? மாதக் கடைசியோடு போன் செக்‌ஷன் மூடப்படும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஜோசியக்காரிக்கு அவள் பிரிவின் தலைவி பதவி, தனி அறை.

அக்காவுக்கும் சேர்த்துத்தான் வேலை போகிறது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எண் சொல்வதை நான் என்ன செய்ய முடியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அக்காவும், "உன் வேலைய நீ செஞ்ச. எனக்கு வேற கிடைக்காமலா போயிடும்?" என்று முகம் கோணாமல் சொல்லிவிட்டாள்.

மூடுவதற்குப் பதினோரு நாள் இருந்தபோது, வீட்டுச் சாவியைக் கொடுக்க எதிர்க் கட்டடத்துக்குப் போனாள். அக்கா போனில் பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் கறுப்பாக ஒரு விண்டோவைத் திறந்தாள். கம்பெனி இணையதளத்தின் பெயரை அடித்தாள். மெத்தையைக் கூடையில் போட்டாள், பேசினவரின் முகவரியை எழுதினாள், வாங்கினாள், விண்டோவை மூடினாள். அடுத்த அழைப்பு. மறுபடி கறுப்பு விண்டோ.

"என்னக்கா பண்ற? ஆர்டர் போட உங்களுக்குத் தனியா ஒண்ணு இருந்துச்சே?"

"அது ஒரு வருஷமா ஒவ்வொரு கம்ப்யூட்டராச் செத்துட்டே வந்துச்சு. சரி பண்ற வரைக்கும் எல்லாரும் வாங்குற இடத்துலயே போடுங்கன்னாங்க. அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கல."

"இந்தக் கறுப்பு எதுக்கு?"

"இல்லேன்னா முன்னாடி ஆளோட அட்ரஸ் அப்படியே நின்னுடுது. ஒருத்தர் மெத்தை இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிடுமே! நாங்களே கண்டுபிடிச்சோம்" என்றாள் அக்கா பெருமையாக.

ஜோசியக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பு வந்த தடம் எதையும் வைத்துக்கொள்ளாத அந்தக் கறுப்பு விண்டோவில் வருகிற ஒவ்வொரு வருகையும் கணக்கில் புது ஆளாகத்தான் விழும். சொந்தக் கம்பெனி ஆட்களின் வருகையைக் கணக்கிலிருந்து நீக்குவது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. அவளும் நீக்கித்தான் இருந்தாள், தன் கட்டடத்தின் இன்டர்நெட் இணைப்பிலிருந்து வருவதை மட்டும். எதிர்க் கட்டடத்துக்குத் தனி இணைப்பு போட்டதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இடத்துக்குத் திரும்பி அந்த இணைப்பிலிருந்து வந்ததையும் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தாள். அதிசயக் கூட்டம் ஒரு ஆள் மிச்சமில்லாமல் மறைந்துபோனது. அத்தனையும் அந்தப் பதினாறு பெண்கள்.

மேனேஜரிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்தினார். "முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. ரிப்போர்ட்ல யார் பேரு இருக்கு? உன் பேருதானே? இப்பப் போய் தப்புன்னா முதல்ல உன் சீட்டுதான் கிழியும். பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். வீட்டில் ஒருத்தியாவது சம்பாதிக்க வேண்டாமா என்று தனக்குத் தானே நியாயம் சொன்னாள். தூ, என்ன நியாயம்! பதினோரு நாளும் அக்கா பரிமாறிய சோற்றைத்தான் தின்றாள்.

மாதம் பிறந்தது. போன் அடித்தது, எடுக்க ஆளில்லை. அதிசயக் கூட்டம் முதல் நாளே காணாமல்போயிற்று. மூன்றாவது வாரம், விற்பனை எங்கே போயிற்று என்று முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்துக் கத்தியபோது, இனி மறைக்க முடியாது என்று அவள் உண்மையைக் கொட்டினாள். மேனேஜர் இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல வாயைப் பிளந்தார். பழைய பெண்களைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாளே, அதுவும் நடக்கவில்லை. போன் வேலையை வெளியே ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் சீட்டு கிழியவும் இல்லை. தவறைக் கண்டுபிடித்தவள் என்று முதலாளி பாராட்டினார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பு யாருக்கும் வரும்டி" என்றாள். "அதுக்கு எதுக்கு அழுற? எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

தங்கை அக்கா மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"எப்போன்னு கேட்டேன்."

"சாவி குடுக்க வந்தேனே, அன்னைக்கு."

அக்காவின் கை நின்றது. "அதுக்கு மறுநாள் பதினஞ்சு பேரும் முதலாளியப் பாத்து நியாயம் கேக்கக் கிளம்புனாங்க. நாள் முழுக்க ஆர்டர் போடுறோம், இல்லவே இல்லங்கிறாங்களேன்னு. நான்தான் வாசல்ல நின்னு மறிச்சேன். என் தங்கச்சி பாத்துச் சொன்னது, தப்பா இருக்காது, இருந்தா அவளே வந்து சொல்லிடுவான்னு சொன்னேன். என் பேச்சை நம்பித் திரும்பிட்டாங்க."

தங்கை அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை விலக்கிக்கொண்டு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கக்கா போற?"

"பதினஞ்சு வீடு இருக்கு. ஒவ்வொண்ணாப் போய்ச் சொல்லணும்" என்றாள் அக்கா. கூட வருகிறாயா என்று கேட்கவில்லை.