செர்ரி மரத்தடித் தண்ணீர்

கமலநாயகி குமிழ்ப் பிளாஸ்டிக் தாள்களை மடியில் போட்டு, ஒன்றோடொன்று டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து நீச்சல் தொட்டியை இரவில் மூடிவைத்தால் சூடு போகாது என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னதைச் செய்கிற நோயாளி அபூர்வம். அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த அநியாயம்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தரை துடைத்துத் தேய்ந்த முழங்கால் அவருடையது. 2006 வசந்தத்தில் மூட்டு மாற்றினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் நடந்தால் கால் மடங்கும் என்றார் டாக்டர். மடங்கினால்தான் லிஃப்ட் இல்லாத தன் மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர் திரும்ப முடியும். அதுவரை மகன் ஆரூரன் வீட்டில் விருந்தாளி. தொட்டியை வாங்கியவனும் ஆரூரன்தான். முதியோர் பராமரிப்பிலிருந்து ஓய்வுபெற்ற நான், பயிற்சி செய்விக்கப் போய்வந்தேன்.

அந்த ஜூலையில் ஊரே வெந்தது. தொட்டித் தண்ணீர் மட்டும் பத்தொன்பது பாகை. இறங்கியதும் கமலநாயகிக்குப் பல் கிடுகிடுக்கும், தொடை பலகையாக இறுகும். அப்புறம் எங்கே மடங்குவது? பக்கத்து வீட்டில் இதே அளவுத் தொட்டி வெயிலில் கிடந்தது, அதில் இருபத்தாறு.

இவர்களுடையது செர்ரி மரத்தடியில். போதாததற்கு, நின்ற தண்ணீர் கூடாதென்று மருமகள் பிரபாலினி மாலைதோறும் பாதியைக் கத்தரிப் பாத்திக்கு இறைத்துவிட்டு, குழாயில் பச்சைத் தண்ணீர் விடுவாள், ஊர்க் கிணற்றடி நினைப்பில். மூடி, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். இல்லாத சூட்டை எங்கே போய்க் காக்கும்?

"தொட்டியை வெயிலுக்கு மாத்துங்கோ" என்றேன்.

"ஏலாது அக்கா. வாற மாதம் பிள்ளைக்குச் சாமத்தியவீடு. வெயிலுக்கை நீந்திக் கறுத்துப்போனா வீடியோவில எப்பிடி இருக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு கிழவியின் கால் விறைக்கலாம், பூப்பு விழாவில் பேத்தியின் முகம் கறுக்கக்கூடாது!

"மாமியின்ர கால் மடங்காட்டி வீடியோவில எங்கை இருத்தப்போறீர்? கதிரையில மரக்கட்டை மாதிரியோ?" என்றேன்.

ஆரூரன் தொட்டிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த ஆண்களே இப்படித்தான்.

கமலநாயகி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "பிரபா, பிள்ளை என்ர நிறம். இந்த நிறத்தோடைதான் கலியாணம் கட்டினன், வேலைக்குப் போனன், உன்ர புருசனைப் பெத்தன். நிழலில வைச்சு அவளை வெளுக்கேலாது. எனக்கு என்ர வீட்டை போகவேணும். தம்பி, நாளைக்கு ஞாயிறுதானே?"

"ஓம் அம்மா" என்றான் ஆரூரன்.

மறுநாள் காலை நான் போனபோது தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் முழுவதும் கத்தரிப் பாத்திக்கு ஓடி முடிந்ததும், ஒரு பக்கம் ஆரூரனும் மறுபக்கம் முகத்தைத் தூக்கிவைத்திருந்த பிரபாலினியுமாகச் சட்டகத்தைத் தூக்கினார்கள். உடுப்புக் காயப்போடும் கொடியடியை ஊன்றுகோலால் சுட்டிக்காட்டி, "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி" என்றார் கமலநாயகி.