இனிப்பில்லாத டின் பால்

இன்று கேக் செய்ய எவாப்பரேட்டட் மில்க் டின்னைத் திறந்ததும், சுண்டக் காய்ச்சிய பாலின் அந்த லேசான கருகல் வாசனை, தோஹாவில் நான்கு குடும்பங்கள் பங்குபோட்டு வாழ்ந்த பழைய வில்லாவின் பொதுச் சமையலறையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த வில்லா இருந்த இடம் இப்போது கார் பார்க்கிங்.

பக்கத்து அறையில் இருந்த யாழ்ப்பாணத்து மலர் ஆன்ட்டி, வன்னியில் தன் அக்காவிடம் விட்டுவந்த மகளின் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி கேக் செய்வார். அதிலேயே சர்க்கரை இருப்பதால் தனியாகப் போடமாட்டார். நாங்கள் பார்த்தேயிராத அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பாடிவிட்டு, பிள்ளைகள் எல்லோரும் சாப்பிடுவோம்.

ஊரில் சண்டை முற்றி, போன் வருவது நின்றுபோன வருஷமும் செய்தார். டின் மாறிவிட்டது. எவாப்பரேட்டட் மில்க்கில் சர்க்கரையே கிடையாது. முதல் வாயிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா பார்த்த பார்வையில் எல்லோரும் மென்று விழுங்கினோம்.

“இனிப்புப் போதுமோ, பிள்ளையள்?”

“போதும் ஆன்ட்டி,” என்றோம்.

அவரும் ஒரு துண்டு சாப்பிட்டார். அவருக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிறகு இன்னொரு துண்டை மகளுக்கென்று தட்டில் எடுத்து மூடி வைத்தார். முந்தைய வருஷங்களில் அப்படி வைத்ததே இல்லை.