சர்வேயருக்குப் போட்ட சாப்பாடு

ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக நான் என்னை வேறொரு உத்தியோகஸ்தனாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பசிக்கொடுமை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அன்று காலையில் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

நான் படித்தது நிலவியல். அதாவது, கல்லைப் பற்றிய படிப்பு. பிறந்தது தஞ்சாவூர் ஜில்லா. அங்கே நாயை விரட்டக்கூட ஒரு கல் கிடைக்காது, மண்ணாங்கட்டிதான். பெரிய கோவிலுக்கே கல் வெளியூரிலிருந்துதான் வந்தது. இந்தப் படிப்பின் முதல் கஷ்டம், அதை யாருக்கும் விளக்க முடியாது என்பது. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை ஜல்லி உடைக்கிற கம்பெனியா?" என்று கேட்டார்கள். சித்தப்பா ஒருவர், கொல்லையில் புதையல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை என்றதும் என் பட்டத்தின் மேலேயே சந்தேகப்பட்டார். சௌகரியங்களும் உண்டு. வெயிலுக்குப் பயந்து மேலதிகாரி வயல் பக்கம் வரமாட்டார். நாம் சொன்னது தப்பு என்று நிரூபிக்க இருநூறு அடி தோண்ட வேண்டும். அவ்வளவு கோபம் யாருக்கும் வருவதில்லை.

குத்தகைக்காரரை நிலத்தை விட்டுக் கிளப்பக் கூடாது என்று சட்டம் வந்து, அது காகிதத்திலிருந்து வயலுக்கு மெதுவாக நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆட்சி மாறியதும் சில மிராசுதார்கள் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டார்கள், யோசனையை மாற்றிக்கொள்ளவில்லை.

மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், மண்ணுக்கடியில் புதைந்துபோன பழைய ஆற்றுத் தடத்தைத் தேடும் வேலை எனக்கு. அந்த மணலில் நல்ல தண்ணீர் நிற்கும். திருகுக் கம்பியால் வயலில் துளை போட்டு, வருகிற மண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு, துளை போட்ட இடத்தில் சிவப்பு நம்பர் எழுதிய முளைக்குச்சியை அடிக்க வேண்டும். பத்துக் குச்சி அடித்து முடித்த நேரத்தில் மிராசுதாரரின் காரியஸ்தர் குடையோடு வந்தார்.

"வாங்க சர்வேயர் சார், வீட்டுல இலை போட்டாச்சு."

நிலவியல் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் விளக்க வேண்டும். அதற்குள் சோறு ஆறிவிடும். "சர்வேதான், ஒரு மாதிரி" என்றேன். வத்தக்குழம்பு, வாழைப்பூ வடை, இரண்டு தடவை நெய். மோருக்கு வரும்போது காரியஸ்தர் கேட்டார்: "நீங்க அடிச்சது சர்க்கார் குச்சிதானே?" சர்க்கார் குச்சிதான். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை சைக்கிளில் போனால் வரப்பில் இருபது பேர் நின்றார்கள். என் குச்சிகள் அந்த மிராசுதாரரின் குத்தகை வயல் ஒன்றை நேர்கோடாக இரண்டாகப் பிளந்திருந்தன. "சர்க்கார் அளந்தாச்சு, குச்சிக்கு அந்தப் பக்கம் காலை வைக்காதே" என்று முந்தின சாயங்காலமே அந்தக் குத்தகைக்காரரிடம் காரியஸ்தர் சொல்லிவிட்டாராம். பக்கத்து நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. நாலைந்து நாளில் நடாவிட்டால் வீண். நடாவிட்டால், சாகுபடியை விட்டுவிட்டான் என்று எழுதி நிலத்தையும் பிடுங்கிவிடலாம்.

குத்தகைக்காரர் என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தார். "யாரக் கேட்டு அளந்தீங்க?"

"அய்யா, நான் சர்வேயர் இல்லீங்க."

"அப்ப நேத்து அங்க போயி கை நனைச்சது யாரு?"

கூட்டத்தில் ஒருவர் என் திருகுக் கம்பியை எடுத்துக் கனம் பார்த்தார். அதை என் முதுகில் சோதித்துவிடுவாரோ என்று சைக்கிளுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

அப்போது குத்தகைக்காரரின் மனைவி சொன்னார்: "இருங்க. இந்த ஆளு நேத்து முச்சூடும் நம்ம மண்ண வாயில போட்டு மென்னுக்கிட்டு இருந்துச்சு. எந்த சர்வேயராவது மண்ணத் திம்பானா?"

வண்டலா களியா என்று பார்க்க ஒரு சிட்டிகையைப் பல்லில் வைத்துக் கடிப்பது எங்கள் வழக்கம். நறநறத்தால் வண்டல். கல்லூரியிலேயே நான் வெட்கப்பட்ட பழக்கம்.

"எங்க, திரும்பத் தின்னுங்க பாப்போம்" என்றார் அந்த அம்மாள்.

இருபது பேர் பார்க்க மென்றேன். "நறநறங்குது. வண்டல்" என்றேன். யாரோ சிரித்தார்கள். "விடுங்கடா, இது வேற கேசு" என்றார் கம்பியை வைத்திருந்தவர். என் மேல் வந்த அவ்வளவு கோபமும் இரக்கமாக மாறிவிட்டது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை.

அதற்குள் காரியஸ்தர் வந்துவிட்டார். "சர்வேயர் சார், எல்லை இதுதான்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

"நான் சர்வேயர் இல்லீங்க. இந்தக் குச்சிக்கும் எல்லைக்கும் சம்பந்தமில்ல."

"நேத்தே ஏன்யா சொல்லல?"

"குழம்பு நல்லா இருந்துச்சுங்க."

குறிப்புப் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதினேன்: இவை மண் பரிசோதனைத் துளைகளின் அடையாளம் மட்டுமே; யாருடைய நில எல்லையையும் குறிப்பன அல்ல; பிடுங்கிவிடலாம். கையெழுத்துப் போட்டு ஒன்றைக் குத்தகைக்காரரிடம் கொடுத்தேன். இன்னொன்றைக் காரியஸ்தர் இரண்டு முறை படித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். பத்துக் குச்சியையும் நானே பிடுங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அந்த வழியாகப் போனேன். வயல் முழுக்க நட்டிருந்தது. வேர் பிடித்துப் பச்சை திரும்பத் தொடங்கியிருந்தது. குத்தகைக்காரர் மடையடியில் நின்று கும்பிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வரப்பில் நின்ற அவர் மனைவி சொன்னார்:

"நல்ல மனுசன்தான் நீங்க. ஆனா நெசமாவே சர்வேயரா இருந்திருக்கக் கூடாதா? குத்தகைய எங்க பேர்ல பதியணும், வயல அளந்து குடுங்கன்னு ரெண்டு வருசமா ஒரு சர்வேயரத் தேடிக்கிட்டிருக்கோம்."